பென்னலூர் பக்கத்தில் ஒரு ஜப்பானிய விருந்து

சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்தால் இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டி, ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் எங்கள் ஊர் பென்னலூர். எங்கள் ஊர் என்று சொல்லிக்கொண்டாலும் நான் புதுச்சேரிக்காரன். அங்கே அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைப் படித்துக் குறிப்பு எழுதியே முப்பத்தைந்து வருடம் ஓட்டியவன். ஓய்வு பெற்று, மனைவியும் போன பிறகு, மகன் வீட்டோடு வந்து சேர்ந்தேன். மகனுக்கு ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை.

போன பிப்ரவரியில் ஒரு நாள் மாலை மகன் கையில் ஒரு துண்டுச்சீட்டோடு வந்தான்.

"அப்பா, எங்க ஜப்பான் மேனேஜர் மார்ச்சோட ஊருக்குத் திரும்பறார். போறதுக்கு முன்னாடி நம்ம எல்லாரையும் சாப்பிடக் கூப்பிடறார். உங்களை அவசியம் கூட்டிட்டு வரணுமாம். இதுல அஞ்சு கேள்வி எழுதிக் குடுத்திருக்கார். பதில் வேணுமாம்."

சீட்டில் இருந்த கேள்விகள் இவை. தந்தையார் மீன் சாப்பிடுவாரா? முட்டை உண்டா? வெங்காயம், பூண்டு சேர்ப்பாரா? உப்பு குறைக்க வேண்டுமா? தரையில் உட்கார முழங்கால் இடம் கொடுக்குமா, நாற்காலி வேண்டுமா?

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். எனக்கு 1962 நினைவுக்கு வந்துவிட்டது.

அந்த வருடம் ஆகஸ்ட் 16ஆம் தேதிதான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. பிரெஞ்சு வழியில் படித்துக்கொண்டிருந்தேன். என் ஆசிரியர் ஒருவர் பிரான்சுக்குத் திரும்புவதாக இருந்தது. போகும் முன் என்னையும் என் தகப்பனாரையும் இரவு உணவுக்கு அழைத்தார். வெள்ளைத் துணி விரித்த மேஜை, இரண்டு பக்கமும் வரிசையாக முள்கரண்டி, கத்தி. முதலில் ஒரு சூப் வந்தது, தெளிந்த ரசம் மாதிரி. அது எலும்பில் கொதித்தது என்று வாடையிலேயே தெரிந்துவிட்டது. எங்கள் வீடு சைவம். அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அன்று இரவு முழுவதும் நானும் அப்பாவும் ரொட்டியையே பிய்த்துத் தின்றுகொண்டிருந்தோம். ஆசிரியரின் மனைவி ஒவ்வொரு தட்டாக எடுத்துக்கொண்டு போனார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த முகம் அறுபது வருடமாக என் கண்ணில் நிற்கிறது. வீடு திரும்பும்போது அப்பா ஒன்றே ஒன்று சொன்னார்: "சமைச்சவங்க மனசு நோகப் பண்ணிட்டோம்டா."

ஆகவே ஐந்து கேள்விக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி மகனிடம் கொடுத்தேன். பழைய எழுத்தர் புத்தி, வரிசை எண் போட்டே எழுதினேன்.

ஜப்பானியர் இந்தப் பக்கம் வந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளில் அவர்கள் புதியவர்கள் அல்லர். 1980களிலேயே ஓசூரில் டி.வி.எஸ். நிறுவனத்தோடு சுஸுகி சேர்ந்து மோட்டார் சைக்கிள் செய்தது. எங்கள் தடத்தில் முதலில் வந்தவர்கள் கொரியர்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் வெளியிட ஆரம்பித்தது. பிறகு சாலையோரத்தில் கொரிய எழுத்துப் பலகைகள் முளைத்தன. 2010 மார்ச்சில் ஒரகடத்தில் ரெனோவும் நிஸானும் சேர்ந்து கட்டிய ஆலை திறந்தது. இங்கே எல்லோரும் ரெனால்ட் என்கிறார்கள், என் வாய்க்கு மட்டும் ரெனோ என்றுதான் வருகிறது. பிரெஞ்சுக்காரரும் ஜப்பானியரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்ய, அந்தக் கூரை நம் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் சீமையில் நின்றது எனக்கு வேடிக்கையாக இருந்தது. 2025இல் நிஸான் அந்த ஆலையில் தனக்கிருந்த பங்கை ரெனோவுக்கே கொடுத்துவிட முடிவு செய்தது. கம்பெனிகள் வரும், போகும். வந்தவர்களுக்கு மட்டும் மூன்று வேளையும் பசிக்கும். அதனால் தங்கும் விடுதிகளில் ஜப்பானியச் சமையலறை வந்தது. சென்னையிலும் நுங்கம்பாக்கம் போன்ற இடங்களில் ஜப்பானிய உணவகங்கள் வந்தன. வேலைக்கு வந்தவன் தன் ஊர்ச் சோற்றைத் தேடுவதுதான் ஆரம்பம். நாகரிகம், நாசூக்கு எல்லாம் அதற்குப் பிறகு.

இதே கதை எதிர்ப்பக்கத்திலும் நடந்திருக்கிறது. 1915இல் ஆங்கிலேயரிடமிருந்து தப்பி ஜப்பானுக்குப் போன ராஷ் பிஹாரி போஸுக்கு, டோக்கியோவில் நாகமுராயா என்ற ரொட்டிக் கடைக் குடும்பம் அடைக்கலம் கொடுத்தது. அந்த வீட்டுப் பெண் தோஷிகோவையே 1918இல் மணந்தார். 1927இல் அந்தக் கடை உணவகம் திறந்தபோது அவர் சொல்லிக்கொடுத்த இந்தியக் குழம்பு பட்டியலில் ஏறியது. இன்றும் அங்கே அதன் பெயர் போய்விடவில்லை. அவரோடு உழைத்த திருவனந்தபுரத்துக்காரர் ஏ.எம். நாயர், 1949இல் டோக்கியோவின் கின்ஸா பகுதியில் தன் பெயரிலேயே ஓர் உணவகம் திறந்தார். நாடு விட்டுப் போனவன் கையில் கடைசியாக மிஞ்சுவது சமையல் பக்குவம்தான் போலிருக்கிறது.

இனி விருந்துக்கு வருகிறேன்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு விடுதியின் மாடியில் சின்ன அறை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும் என்றதும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. தாழ்வான மேஜை. மற்றவர்களுக்கெல்லாம் தரையில் திண்டு, எனக்கு மட்டும் கால் குட்டையான ஒரு நாற்காலி. மூன்றாம் பேர் யாருக்கும் என் முழங்கால் வலி தெரியாதபடி, ஏதோ மரியாதைக்குப் போட்டது மாதிரி நடுவில் போட்டிருந்தார்கள். மேனேஜர் குனிந்து வணங்கி என்னை 'ஒத்தோசான்' என்றார். அப்பா என்று அர்த்தமாம். அவருக்கும் அறுபதை ஒட்டிய வயது இருக்கும்.

முதலில் ஒரு சின்னக் கிண்ணம். வெண்மையாக, சதுரமாக, பார்க்கப் பன்னீர்த் துண்டு போல ஒன்று. பால் இல்லை, சோயாவும் இல்லை. வறுக்காத எள்ளை அரைத்து, ஒரு கொடியின் கிழங்கு மாவோடு கிண்டி உறைய வைத்தது. வாயில் வைத்தால் எள்ளுருண்டை தன் வெல்லத்தை மறந்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. இதற்கு 'கோமா தோஃபு' என்று பெயர். அன்று எனக்கு வந்தது எல்லாமே ஜப்பானியப் புத்த மடங்களின் சைவச் சமையல், 'ஷோஜின் ரியோரி'. மகனும் மருமகளும் மீன் சாப்பிட்டார்கள். எனக்கென்று தனி அடுப்பு.

இது லேசான காரியம் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஜப்பானியச் சமையலில் எல்லாவற்றுக்கும் அடிப்படை 'தாஷி' என்ற சாறு. நமக்குச் சாம்பாருக்குப் பருப்புத் தண்ணீர் எப்படியோ, அப்படி. வழக்கமாக அதை ஒரு கடற்பாசியையும், காயவைத்துப் புகையூட்டிச் சீவிய மீனையும் போட்டு எடுப்பார்கள். ஆகவே காய்கறி மட்டும் மிதக்கிற கிண்ணத்திலும் மீன் மறைந்திருக்கும். தெரியாமல் சாப்பிட்ட நம்மவர் எத்தனையோ பேர். எனக்கு வந்த சாறு மீன் இல்லாமல், கடற்பாசியும் உலர்ந்த காளானும் ஊறியது. 1908இல் கிகுனாயே இகேதா என்ற டோக்கியோ வேதியியல் பேராசிரியர் இந்தக் கடற்பாசிச் சாற்றை ஆராய்ந்துதான், இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு தவிர இன்னொரு சுவை இருக்கிறது என்று கண்டு 'உமாமி' என்று பெயர் வைத்தார். நாம் அறுசுவை என்று கார்ப்பையும் துவர்ப்பையும் சேர்த்துக்கொள்கிறோம். அவர்கள் மடங்களில் ஆறாவதாக எண்ணுவது மென்சுவை, அதாவது எதுவும் தூக்கலாக இல்லாத சுவை. சூப்பைக் குடிக்கும்போது அந்த ஆறாவது எனக்குப் புரிந்தது. முதல் வாயில் ஒன்றும் இல்லாதது போல இருந்தது. மூன்றாவது வாயில்தான் சுவை வந்து உட்கார்ந்தது.

அந்த மடத்துச் சமையலுக்கு இலக்கணம் எழுதியவர் தோகன் என்ற துறவி. 1223இல் அவர் சீனா போய் இறங்கியபோது, துறைமுகத்தில் நின்ற கப்பலுக்கு ஒரு முதியவர் காளான் வாங்க வந்தார். அறுபத்தொரு வயது, ஒரு மடத்துச் சமையல்காரர், வெகுதூரம் நடந்தே வந்திருந்தார். இரவு தங்கிப் பேசிவிட்டுப் போகலாமே என்றார் தோகன். நாளை மடத்துக்குச் சமைக்க வேண்டும் என்று மறுத்துவிட்டார் கிழவர். இந்த வயதில் தியானம், படிப்பு என்று இல்லாமல் அடுப்படியில் கிடக்கிறீர்களே என்று தோகன் கேட்க, சாதனை என்றால் என்னவென்றே உனக்கு இன்னும் தெரியவில்லை என்று சிரித்தாராம். அந்தச் சிரிப்பு தோகனை விடவில்லை. 1237இல் மடத்துச் சமையல்காரருக்கு என்றே ஒரு நூல் எழுதினார். அரிசி களையும்போது கவனம் அரிசியில் இருக்கட்டும், ஒரு மணியும் வீணாகக் கூடாது, கீரை என்று இளக்காரம் வேண்டாம், உயர்ந்த பண்டம் என்று பூரிப்பும் வேண்டாம் என்பதெல்லாம் அதன் சாரம். படித்தபோது என் அம்மா முறத்தோடு உட்கார்ந்து கல் பொறுக்கியது நினைவுக்கு வந்தது.

அடுத்து மிஸோ தடவிச் சுட்ட கத்தரிக்காய். பிறகு வெண்டைக்காயும் பூசணியும் மாவில் தோய்த்துப் பொரித்தது. "இது நம்ம பஜ்ஜிதானே மாமா" என்றாள் மருமகள். அவள் சொன்னதில் தப்பில்லை. இந்த 'டெம்புரா' ஜப்பானியர் கண்டுபிடித்ததே அல்ல. 16ஆம் நூற்றாண்டில் வந்த போர்த்துக்கீசியரிடம் கற்றது, பெயரும் கிறித்தவ நோன்பு நாட்களைக் குறிக்கும் அவர்கள் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அதே நூற்றாண்டில் அதே போர்த்துக்கீசியர் நம் மயிலாப்பூர் சாந்தோமிலும் இருந்தார்கள். நமக்கு மிளகாய் அவர்கள் வழியாக வந்தது. மிளகாயை எடுத்துவிட்டால் நம் சமையலில் என்ன மிச்சம்?

இந்த இடத்தில் என் மகன் பெருமையாக ஒரு பேச்சை எடுத்தான். "சார், உங்க தாருமா எங்க காஞ்சிபுரத்துக்காரர் தெரியுமா?" என்று கேட்டான். தாருமா என்பது போதிதருமர். கை கால் இல்லாமல் உருண்டையாக, சிவப்பாக ஜப்பானியர் வீடுகளில் இருக்கும் பொம்மை. 2011இல் 'ஏழாம் அறிவு' படம் வந்த பிறகு இங்கே பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். மேனேஜர், "காஞ்சிபுரத்துக்கு இரண்டு தடவை போய் வந்தேன்" என்று மட்டும் சொல்லிச் சிரித்தார். கனவான்.

எனக்கு மனசு கேட்கவில்லை, வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். போதிதருமரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு 547ஆம் ஆண்டை ஒட்டியது. அது அவரைப் பாரசீகர் என்கிறது. அதே நூற்றாண்டைச் சேர்ந்த இன்னொரு குறிப்பு, தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. பிற்கால நூல்களில் வரும் நாட்டின் பெயரைக் காஞ்சி என்று அடையாளம் காண்பவர்கள் உண்டு. காஞ்சி பெரிய பௌத்த நகரமாக இருந்தது என்பதில் சந்தேகமே இல்லை. 7ஆம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங், நூற்றுக்கும் மேற்பட்ட மடங்களும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதியிருக்கிறார். ஆக, உறுதியான பத்திரம் இல்லை, பலமான பாரம்பரியம் இருக்கிறது. பத்திரப்பதிவில் இருந்தவன் என்ற முறையில் இதற்கு மேல் கையெழுத்துப் போட மாட்டேன். அப்படியே அவர் நம்மவர்தான் என்று வைத்துக்கொண்டாலும், நம்மிடம் இருந்த பத்தாயிரம் துறவிகளின் அடுப்படி என்ன ஆயிற்று? என்ன சமைத்தார்கள் என்று ஒரு வரி நாம் வைத்துக்கொள்ளவில்லை. அவர்கள் ஒரு கிழவர் காளான் வாங்க வந்ததைக்கூட எழுதிப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். விதை யாருடையது என்று கேட்பதைவிட, தண்ணீர் ஊற்றியது யார் என்று கேட்பது மரியாதை.

மடத்துச் சோறு மேல்தட்டு விருந்தாக மாறிய கதையும் இதோடு சேர்ந்தது. துறவிகள் வழியாகத் தேநீர் ஜப்பானில் பரவியது. தேநீர் கொடுப்பதே ஒரு கலையாயிற்று. அதன் ஆசான் சென் நோ ரிக்யூ, 1522இல் பிறந்தவர். வெறும் வயிற்றில் கெட்டியான தேநீர் குடித்தால் குடலைப் புரட்டும் என்று முன்னதாக ஒரு சிறு சாப்பாடு வைத்தார்கள். சோறு, ஒரு சூப், இரண்டு மூன்று பதார்த்தம், அவ்வளவுதான். அதற்குக் 'காய்ஸெகி' என்று பெயர். பசி தெரியாமலிருக்கத் துறவிகள் சூடான கல்லை மடியில் கட்டிக்கொண்டதால் 'மடிக்கல்' என்று பொருள் சொல்வார்கள். அந்த எழுத்துமுறை ரிக்யூவுக்குப் பின்னால் வந்தது என்றாலும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. அன்று நாட்டை ஆண்ட ஹிதேயோஷி, பொன் தகடு வேய்ந்த தேநீர் அறை செய்து வைத்திருந்தார். ரிக்யூ கட்டியதோ இரண்டு பாய் விரிக்கும் அளவே உள்ள மண்சுவர் அறை. 1591இல் ஹிதேயோஷியின் கட்டளைப்படி ரிக்யூ தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பொன் அறைக்காரர் ஜெயித்த மாதிரிதான் அன்று தோன்றியிருக்கும். இன்று உலகம் போற்றுகிற ஜப்பானிய விருந்து மண்சுவர்க்காரருடைய வழியில் வந்தது.

பாரிஸில் இருக்கும் என் தங்கையிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். "அண்ணா, இங்க அதுமாதிரி இடத்துல சாப்பிடணும்னா ரொம்ப முன்னாடியே சொல்லி வைக்கணும், பில்லைப் பார்த்தா மயக்கம் வரும்" என்றாள். பிரெஞ்சுக்காரர் தங்கள் சமையலுக்கு மேல் ஒன்று உண்டு என்று ஒப்புக்கொள்ளும் ஜாதி இல்லை என்று என் பள்ளி நாட்களில் நினைத்திருந்தேன். அதையும் ஜப்பானியர் மாற்றினார்கள். ஒஸாகாவில் 1960இல் சமையல் பள்ளி தொடங்கிய ட்ஸுஜி ஷிஸுவோ, பிரெஞ்சு இலக்கியம் படித்தவர். பால் போகூஸ் போன்ற பிரெஞ்சுச் சமையல் மேதைகளை 1970களில் ஜப்பானுக்கு வரவழைத்தார். வந்தவர்கள் கற்பித்ததோடு நிற்காமல் கற்றும்கொண்டு போனார்கள். சின்னச் சின்ன அளவில், பருவத்துக்கு ஏற்ற காயை, தட்டில் இடம் விட்டு வைக்கும் பழக்கம் பிரெஞ்சு மேஜைகளில் வேரூன்றியதில் அந்தப் பயணங்களுக்கும் பங்கு உண்டு. 2007இல் மிஷலின் டயர் கம்பெனி டோக்கியோவுக்கு முதல் கையேடு போட்டபோது, பாரிஸைவிட அதிக நட்சத்திரம் டோக்கியோவுக்குக் கிடைத்தது. 2010இல் பிரெஞ்சு விருந்து முறையும், 2013இல் ஜப்பானிய உணவு மரபும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. 2020இல் கேய் கோபயாஷி, பிரான்சில் மூன்று நட்சத்திரம் பெற்ற முதல் ஜப்பானியச் சமையல்காரர் ஆனார்.

எங்கள் விருந்திலும் அப்படி ஒரு திருப்பம் இருந்தது. கடைசியில் சோறு, சூப், ஊறுகாய் மூன்றும் சேர்ந்து வந்தன. நாம் தயிர்சாதத்தோடு முடிக்கிற மாதிரி. முடிந்ததும் சமையல்காரர் வெளியே வந்து வணங்கினார். பார்த்தால் ஜப்பானியர் இல்லை, மணிப்பூர் பையன். முப்பது வயதுகூட இருக்காது. ஒரு ஜப்பானியச் சமையல்காரரிடம் ஆறு வருடம் கற்றுக்கொண்டானாம். "உப்பு சரியா இருந்துச்சா ஐயா?" என்று பழகிய தமிழில் கேட்டான். மடத்துச் சமையலை அன்றைக்குத்தான் முதன்முறையாகத் தனியாகச் செய்தானாம். மூன்று நாள் ஒத்திகை பார்த்தானாம். யாருக்காக? பென்னலூரில் ஓய்வூதியம் வாங்குகிற ஒரு கிழவனுக்காக.

மேனேஜர் அப்போது 'இச்சிகோ இச்சியே' என்று ஒரு வார்த்தை சொல்லி விளக்கினார். வாழ்நாளில் ஒரே ஒரு முறை நடக்கும் சந்திப்பு என்று பொருள். அதே ஆட்கள் அதே அறையில் மறுபடி கூடினாலும் இன்றைய பொழுது திரும்ப வராது, அதனால் இன்று உபசரிப்பதைக் குறையில்லாமல் செய். தேநீர்க் கலை பற்றி எழுதிய இயி நாவோஸுகே என்ற அமைச்சர் 19ஆம் நூற்றாண்டில் இதை நிலைநாட்டினார். அவரையும் 1860இல் வெட்டிக் கொன்றார்கள். நாளைக்கு இருப்போமா என்று தெரியாதவர்கள் எழுதிய உபசார சாஸ்திரம் இது.

நான் சூப்புக் கிண்ணத்தைக் கடைசிச் சொட்டு வரை குடித்திருந்தேன். காலிக் கிண்ணத்தைச் சமையல்காரப் பையனிடம் காட்டினேன். அவன் முகம் மலர்ந்தபோது எனக்கு அந்த ஆசிரியரின் மனைவி முகம்தான் தெரிந்தது. அவர்கள் மீதும் தவறில்லை, எங்கள் மீதும் தவறில்லை. ஒரு துண்டுச்சீட்டு இல்லாமல் போனதுதான் குறை. நாசூக்கான விருந்து என்றால் விலையும் பீங்கானும் என்று நினைத்திருந்தேன். வருகிறவன் யார், அவனுக்கு எது ஆகும், எது ஆகாது, கால் மடங்குமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வதுதான் அது என்று எழுபத்தைந்து வயதில் தெரிந்துகொண்டேன். நம் பாட்டிமார்களுக்கு இது தெரியும். எங்களுக்குத்தான் அன்றைக்கு வாய் வரவில்லை.

அவர்களுக்கும் நம் அரசு அலுவலகம் போலவே மார்ச் 31ஆம் தேதிதான் கணக்கு முடிகிறது. அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டோம். இந்தத் தடவை சீட்டை நான் எழுதினேன். காரம் எவ்வளவு தாங்கும்? பெருங்காயம் ஒத்துக்கொள்ளுமா? கையால் சாப்பிடச் சம்மதமா, கரண்டி வேண்டுமா? தரையில் இலை போடலாமா?

பதில் மறுநாளே வந்தது. காரம், பெருங்காயம், கை எல்லாம் சம்மதம். கடைசிக் கேள்விக்கு மட்டும், "மன்னிக்கவும் ஒத்தோசான், எனக்கும் முழங்கால் வலி" என்று எழுதியிருந்தார். கூடத்தில் மேஜையை இழுத்துப் போட்டு, அதன்மேல் இலை விரித்தோம்.